யூனா ஏன் ஆடக்கூடாது?

'ஃபைனல் ஃபேன்டஸி டென்' (2001) ஒரு பாதயாத்திரை. தைப்பூசத்துக்கு எங்க ஒட்டன்சத்திரம் வழியா பழனிக்கு நடக்கிறவங்களுக்கு மாதிரி, போக ஒரே பாதை. யூனா நடப்பது உலகத்துக்காக உயிரைக் கொடுக்க. சண்டையிலும் நாம யோசிச்சு முடிக்கும்வரை எதிரி காத்திருப்பான்.

'டென்-டூ' (2003) இரண்டு வருஷம் கழித்து நடக்கும் கதை. சாகப் போனவள் பிழைத்துவிட்டாள், காதலன்தான் மறைந்துபோனான். இனி அவளுக்கென்று போட்டுவைத்த பாதை எதுவும் இல்லை. அதனால்தான் தொடக்கத்திலேயே கையில் ஆகாயக் கப்பல். எங்க வேணும்னாலும் போகலாம். சண்டையில் யோசித்து நின்றால் அடி விழும்.

யூனா குட்டை டிரவுசரில் பாடி ஆடியதை முதல் ஆட்டத்தின் ரசிகர்கள் பலர் மன்னிக்கவில்லை. அப்பா போன இரண்டாம் வருஷம் அம்மா பளிச்சென்று ஒரு சேலை கட்டியபோது எங்க தெருவும் அப்படித்தான் பார்த்தது. எனக்கு 'டென்-டூ' ஒரு படி மேல்.