பொத்தேரிக்குப் போன ஹெரால்டு

தாம்பரத்தில் செங்கற்பட்டு ரயிலில் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, அப்புறம் பொத்தேரி. அரை மணி கூட ஆகாது. நாங்கள் காரில் புறப்பட்டோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று! அது என் மாமனாருடைய பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

"அதை ஏன் ஐயா அவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் மைத்துனன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை அழைப்புக்குத் தாத்தாவின் கார்தான் என்று பெண் ஒரே பிடிவாதம். உடனே மைத்துனன் காரை அலங்கரிக்கத் தொடங்கினான். ஆபீஸ் நண்பர் சொன்னபடி அகலமான அலாய் சக்கரம். அடுத்த வீட்டுக்காரர் சொன்னபடி நீல விளக்கு. புலித்தோல் மாதிரி சீட்டு உறை. பந்தயக் கார் ஸ்டியரிங். என் மனைவி வண்டியைச் சுற்றி வந்தாள். "எல்லாம் புதுசாத்தான் இருக்கு. அப்பா வண்டி எங்கே?" என்றாள். மைத்துனன் முகம் சுண்டிப் போயிற்று.

அதனால்தான் பொத்தேரியில் ஒரு டிங்கர் பட்டறையைத் தேடிப் போனோம். ஒவ்வொரு திருப்பத்திலும் புதுச் சக்கரம் மட்கார்டில் 'கர்ர்' என்று உரசியது. மெல்லத்தான் போக முடிந்தது.

பெருங்களத்தூரைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நிறுத்தினோம். ஹெரால்டின் பிறந்தகம் இந்த வண்டலூர்ப் பக்கம்தானே! இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இங்கே செய்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி. மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்பக்கம் சாய்ந்து திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். இன்று அந்த ஆலை இல்லை; ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள்தான் இரைகின்றன.

பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடந்தார்கள். பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. வயதான மேஸ்திரி வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"சார், இது எந்த வருஷத்து வண்டியா இருக்கணும்? முதல்ல அதைச் சொல்லுங்க."

மைத்துனன் விழித்தான். மேஸ்திரி டிக்கி மூடியின் உட்புறத்தைக் கொஞ்சம் சுரண்டினார். அடியில் இளம்பச்சை தெரிந்தது. "இதுதான் அப்பா கலர்!" என்று கத்தியே விட்டாள் என் மனைவி.

பிறகு ஒரு காகிதத்தில் திட்டம் எழுதினோம். வாசகர்களே, உங்களுக்கும் உதவும். கச்சேரியில் எல்லா வாத்தியமும் ஒரே சுருதியில் சேருவது போல, காரில் எல்லாம் ஒரே காலத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். வெளியே இளம்பச்சை, கூரை வெள்ளை என்றால், உள்ளே குஷனும் அதோடு ஒத்துப் போகும் ஒரே நிறம். சக்கரம் பழைய அளவே. பாட்டுப் பெட்டி வேண்டுமா? டாஷ்போர்டு அறைக்குள் மறைந்திருக்கட்டும். சீட் பெல்ட்டும் நல்ல பிரேக்கும் மட்டும் காலம் பார்க்காமல் வேண்டியவை.

வேலைக்கும் வரிசை உண்டு. ஹெரால்டுக்கு அடிச்சட்டம் தனி, மேல் உடல் தனி. சட்டத்தில் துரு இருக்கிறதா என்று பார்க்காமல் வர்ணம் பூசுவது, ஒழுகும் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல. குஷன் கடைசியில்தான்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. 50 வருஷம் கடந்த கார், அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிதாக மாறாமல் இருந்தால், 2021-இல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' என்று தனிப் பதிவு பெறலாம். ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து வண்டியை எடுக்கப் போனோம். குறுகலான சந்து. மைத்துனன் ஸ்டியரிங்கை ஒடித்தான். உரசாமல் ஒரே சுற்றில் திரும்பியது. என் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டாள். தாம்பரம் வரும் வரையில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் கொட்டகையிலும் பழைய கார் இருக்கிறதா? பெயிண்ட் டப்பா வாங்குவதற்கு முன் ஒரு காகிதமும் பென்சிலும் வாங்குங்கள்!