தனி வாளி

ஆழ்வார்திருநகரியில் என் சித்தப்பா பந்தயக் குதிரை வளர்க்கிறார். சென்ற ஆண்டு பந்தயத்திற்கு முதல்நாள் அது இருமியது. "தூசிதாம்லே" என்றார். விலங்கியல் பயிலும் நானும் வாய் திறக்கவில்லை. திடலில் ஒரே தொட்டியில் பல குதிரைகள் நீர் குடித்தன. நான்காம் நாள் பக்கத்து ஊர்க் குதிரையும் இருமியது.

குதிரைக்கும் இன்ஃப்ளூயன்சா உண்டு. 1987-லும் 2008-லும் இந்தியாவில் அது பரவியது. இருமலிலும், பொது வாளியிலும், வளர்ப்பவர் கையிலும் அந்நோய் பயணம் செய்யும். தடுப்பூசி, ஓய்வு, தனி வாளி, சோப்பு இவையே காவல். ஆஸ்திரேலியாவின் கடுமையான தனிமைப்படுத்தும் சட்டத்தால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடந்தன.

ஒலிம்பிக்கே கண்டம் மாறியபோது நாம் ஒரு வாளியை மாற்றக் கூடாதா? தயங்கியே சித்தப்பாவிடம் கேட்டேன். அடுத்த பந்தயத்திற்குத் தனி வாளி வந்தது. கற்றது வாய் திறந்தால்தான் கல்வி!