தம்பி வாங்கிய புகை அடுப்பு

கல்யாணமாகி வந்த வீட்டில் காஸ் அடுப்பைப் பார்த்ததும், 'அப்பாடா, இனிமேல் புகை இல்லை!' என்று மனசுக்குள் கும்பிட்டவள் நான். அப்படிப்பட்ட என்னை, புகைக்கென்றே ஓர் அடுப்பு வாங்கக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான் என் தம்பி. அதுவும் அமெரிக்காவில்!

தம்பி ஹூஸ்டனில் இருக்கிறான். அவன் மனைவிக்கு அம்மா இல்லை. அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு பிரசவத்துக்கு நான்தான் போனேன். குழந்தைக்கு மூன்று மாதம் நிறையப் போகும் சமயம், "அக்கா, ஆபீஸ் சிநேகிதங்களுக்கு ஒரு பார்பெக்யூ விருந்து வைக்கணும். கிரில் வாங்கப் போறேன், நீயும் வா" என்றான்.

டெக்ஸாஸ்காரர்களுக்கு இதில் ரொம்பப் பெருமை. மாட்டின் நெஞ்சுக் கறியை ஓக் மர விறகின் புகையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், மெதுவாக வேக வைப்பார்கள். ராத்திரியெல்லாம் கண் விழித்துத் தீயைப் பார்த்துக்கொள்வார்களாம். "ஆம்பளைங்கதான் பெரும்பாலும் அடுப்பு பக்கத்துல உட்காருவாங்க அண்ணி" என்று சிரித்தாள் தம்பி மனைவி. எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்தவள் அம்மா ஒருத்திதான். ஜன்னல் இல்லாத சமையலறை, ஈர விறகு, கையில் ஊதுகுழல். கண் எப்போதும் சிவந்தே இருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் இருமல் பிடித்துக்கொண்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டர், "விறகு அடுப்புல எத்தனை வருஷம் சமைச்சீங்க?" என்று கேட்டார். பீடி, சிகரெட் வாடையே ஆகாத என் அம்மாவுக்கு, நிறையப் புகைத்தவர்களுக்கு வருகிற நுரையீரல் வியாதி! அந்த வியாதியிலேயே போய்ச் சேர்ந்தாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே கடைக்குள் போனேன். அங்கே மூன்று விதமான அடுப்புகள் இருந்தன. ஒன்று கரி அடுப்பு. விலை குறைவு, கருக வறுத்த ருசி வரும். ஆனால் தீயை நாம்தான் கவனிக்க வேண்டும். இரண்டாவது காஸ் அடுப்பு. திருகினால் எரியும், அவசரத்துக்கு நல்லது. ஆனால் புகை மணம் அவ்வளவாக இருக்காது. மூன்றாவதுதான் தம்பி மனசில் வைத்திருந்த பெல்லட் கிரில்.

பெல்லட் என்றால் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள். நம் ஊரில் மாட்டுக்கு வாங்குகிற குச்சித் தீவனம் மாதிரியே இருக்கிறது. ஒரு மூட்டை 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ. அடுப்பின் பக்கத்தில் உள்ள பெட்டியில் கொட்டிவிட்டால், திருகு போன்ற ஒரு தண்டு சுழன்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்தில் தள்ளுகிறது. மின்சாரத்தில் சூடாகும் ஒரு கம்பி பற்ற வைக்கிறது. ஒரு விசிறி ஊதிவிடுகிறது. எத்தனை டிகிரி வேண்டுமோ அதை வைத்துவிட்டால், அதுவே கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்ளும். அம்மாவின் ஊதுகுழல் வேலையை ஒரு மெஷின் செய்கிறது என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஜோ ட்ரேகர் என்ற அமெரிக்கர் 1980களில் ஓரிகன் மாநிலத்தில் இதை உருவாக்கினாராம். 1986இல் காப்புரிமையும் பெற்றார். அது முடிந்த பிறகு பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் கடையில் இத்தனை வகை! சாதாரணமானதே 500 டாலர் பக்கம். பெரியவை 2,000 டாலரையும் தாண்டுகின்றன.

நாங்கள் பார்த்து வாங்கிய விதத்தைச் சொல்கிறேன். முதலில் அளவு. வருஷத்தில் ஒரு நாள் விருந்துக்காகப் பெரிதாக வாங்கிவிட்டு, மற்ற நாளெல்லாம் வெட்டியாக மரக்குச்சி எரிப்பானேன்? நடுத்தரமே போதும் என்றேன். அடுத்தது, சூடு ஏறி இறங்காமல் நிற்கிற கருவியா என்று விசாரித்தோம். கறிக்குள் செருகிப் பார்க்கும் உஷ்ணமானி கூடவே வருகிறதா என்று பார்த்தோம். கடைசியாக நான் கேட்டது, "சாம்பலையும் வழிகிற கொழுப்பையும் சுலபமாக எடுத்துக் கழுவ முடியுமா?" என்று. கொழுப்பு தேங்கினால் தீப்பிடிக்குமாம். கடைக்காரப் பையன், "இதை யாருமே கேட்பதில்லை" என்றான். கழுவுகிறவளுக்கல்லவா தெரியும்!

குறையும் இருக்கிறது. கரண்ட் இல்லாவிட்டால் இது வெறும் பெட்டி. மரக்குச்சி நனைந்தால் மறுபடி தூளாகி ஊறிப்போய்த் திருகுத் தண்டை அடைத்துக்கொள்ளும். கரித் தணலில் சுட்ட அளவுக்கு மேல்பக்கம் சிவக்காது.

திரும்பி வரும்போது, 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸில் அடித்த பனிப்புயலைப் பற்றித் தம்பி மனைவி சொன்னாள். லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போய்விட்டது. குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்கள், கராஜில் காரை ஓடவிட்டு உட்கார்ந்தவர்கள் எல்லாம் கார்பன் மோனாக்சைடு வாயுவால் மயங்கி விழுந்தார்கள். சிலர் பிழைக்கவேயில்லை. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்றாள். அது என் மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

விருந்து நாள் வந்தது. தயிர், இஞ்சி பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள் போட்டு ஊற வைத்த கோழித் தொடைகளை அடுக்கினோம். 225 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது 107 டிகிரி செல்சியஸில், ஒரு மணி நேரம் புகை மணம் ஏறியது. பிறகு 350க்கு ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் தோல் ரப்பர் மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு தூறல் ஆரம்பித்தது.

"அக்கா, பிடி. கராஜுக்குள்ள தள்ளிடலாம். கதவைப் பாதி திறந்து வைப்போம்" என்றான் தம்பி.

கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே கதவு. அதை ஒட்டிய அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்டா."

"இது கரி இல்லக்கா. புகையே வரல பாரு!"

"கண்ணுக்குத் தெரியற புகையே அம்மாவைக் கொன்னுது. தெரியாததை நான் வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "பதினஞ்சு பேர் வராங்க. மானம் போகப் போகுது" என்று சத்தம் போட்டான். நான் கராஜ் வாசலில் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. தம்பி மனைவி வந்து, "அண்ணி சொல்றதுதான் சரி. மரம் எரிஞ்சாலும் அதே வாயுதான்" என்றாள்.

கோழியை எடுத்து வீட்டுக்குள் இருந்த மின்சார அவனில் வைத்தேன். அடுப்பின் பிளக்கைப் பிடுங்காமல், அதற்கென்று உள்ள முறைப்படி அணைத்தான் தம்பி. சட்டென்று பிடுங்கினால் தீ பின்பக்கமாகக் குச்சிப் பெட்டி வரை ஏறக்கூடும். அது அடங்கி முடித்ததும்தான் மழை கொட்டியது. உஷ்ணமானி குறைந்தது 165 டிகிரி பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் காட்டினால்தான் கோழி வெந்தது என்று அர்த்தம். அது வரை பொறுத்து எடுத்தேன். வந்தவர்கள், "என்ன மணம்!" என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அடுப்பு பாதியில் அணைந்த கதை ஒருவருக்கும் தெரியாது.

எல்லோரும் போன பிறகு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அம்மா இருமும்போது நான் ஹாஸ்டல்ல இருந்தேன். நீதான் கூட இருந்தே. அதான் உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். மறுநாளே விஷவாயு வந்தால் அலறுகிற சின்னக் கருவி ஒன்றைப் படுக்கையறைக்கு வெளியே மாட்டினான். அடுப்புக்கு வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஓர் இடம் ஒதுக்கி, மேலே உறையும் போட்டான்.

சகோதரிகளே, நம் ஊரிலும் இப்போது மொட்டை மாடியில் கரி கிரில் வைத்து விருந்து நடத்துகிறோம். சந்தோஷம்தான், செய்யுங்கள். ஆனால் மழை வந்ததென்று அதை அறைக்குள்ளோ, மூடிய பால்கனிக்குள்ளோ தூக்கி வராதீர்கள். கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் தணலை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தியை நாம் பேப்பரில் படித்திருக்கிறோம். எந்த அடுப்பு வாங்குவது என்று பத்துக் கடை ஏறி இறங்குங்கள், தப்பில்லை. அதை எங்கே வைக்கப் போகிறோம், அதன் புகையை யார் சுவாசிக்கப் போகிறார்கள் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு அந்த யோசனையைச் சொல்ல யாரும் இல்லை.