எந்த ஆண்டுகள் கணக்கில் சேரும்?

சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணிகள் ஊருக்குள் கொண்டுவந்த தகர வில்லையைப் பற்றிப் படித்ததிலிருந்து அது மனதை விட்டு அகலவில்லை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் சின்ன வட்டத் தகரம். தோட்டத்தின் பதிவு எண் ஒன்று, ஆளின் வரிசை எண் ஒன்று. அவ்வளவுதான் அதில் அடித்திருக்கும். பெயர் கிடையாது, அப்பன் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அந்தத் தகரத்தைக் காட்டினால் போதும். ரயிலில் ஏற்றுவார்கள், சோறு போடுவார்கள், கப்பலில் அக்கரை சேர்த்து, எந்தத் தோட்டம் என்று எண்ணைப் பார்த்து மலைக்கு அனுப்பிவைப்பார்கள்.

1904-இல் சிலோன் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் அலுவலகம் திறந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பல சீமைகளிலும் ஆள் சேர்ப்பு நடந்தது. 1876 முதல் 1878 வரை அடித்த பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு இன்னும் எங்கள் பக்கத்துக் கிழவர்களின் பேச்சில் இருக்கிறது. கொல்லிமலையும் போதமலையும் இரண்டு பக்கமும் நின்றாலும், மழை ஏமாற்றினால் நாமகிரிப்பேட்டைக் காட்டில் எள்ளும் முளைக்காது. அப்படி ஏமாந்த ஆண்டுகளில் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கிளம்பியவர்கள் உண்டு. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விட்ட பிறகு பயணம் இன்னும் சுருங்கியது. மண்டபம் முகாமில் சில நாள் அடைத்துவைத்து நோய் நொடி பார்ப்பார்கள். பிறகு கப்பல், ரயில், மலை. இந்த மண்ணிலிருந்து ஒரு மனிதனைப் பெயர்த்துக்கொண்டு போக அரசாங்கங்களுக்கு அவ்வளவு குறைந்த நாட்களே தேவைப்பட்டன.

அப்படிப் போன ஒருவரின் பேரன் மனைவியை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் அவரைக் ‘கண்டி ஆயா’ என்போம். எழுபதுகளின் நடுவில் இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போடும் மாசி, பங்குனியில் ஆயாவுக்கு ஓயாத வேலை. விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரிப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு முன்னால் வியாபாரிகளின் ஆட்களே அவரைத் தேடிக்கொண்டு வருவார்கள். கொழுந்து பறித்த கை, இரண்டு விரலால் பார்க்காமலே பொறுக்கும். அந்தக் களத்தில் உட்கார்ந்துதான் நான் அவர் கதையைக் கேட்டேன், பல ஆண்டுகளாக, துண்டு துண்டாக.

ஆயா பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். வாழ்க்கைப்பட்டதும் அதே மலையில்தான். நாமகிரிப்பேட்டை அவருடைய மாமனாரின் அப்பா விட்டுப்போன ஊர். ஊரைப் பார்ப்பதற்கு முன்பே அதன் பெயரை ஆயா வானொலியில் கேட்டிருக்கிறார். காலையில் நாகஸ்வரம் வாசிப்பவர் பெயராக நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் என்று சொல்லும்போது, காலை ஆள்கணக்கான பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மாமனார் வாசலில் நின்று, “நம்ம ஊரு, நம்ம ஊரு” என்பாராம். தான் பிறக்காத ஊரை ஒரு மனிதர் அப்படி உரிமை கொண்டாடியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் தொண்டையை அடைக்கிற செய்தி.

ஆனால் அந்த மாமனார் முதலில் விண்ணப்பித்தது இலங்கைக் குடியுரிமைக்கு. அங்கே பிறந்தவர், அங்கே உழைத்தவர், அங்கேயே புதைய நினைத்தவர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது; அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எந்தப் பதிவாளர் சீட்டு எழுதினார்? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இன்னொரு வழி காட்டியது. 1946 ஜனவரி 1-க்கு முன்னால் மணமானவர் ஏழு ஆண்டு, மற்றவர் பத்து ஆண்டு, தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மாமனார் தங்கை கல்யாணத்துக்கென்று தன் அப்பாவோடு இந்தியாவுக்கு வந்தவர், அப்பா படுத்த படுக்கையாகிவிட, ஓராண்டைத் தாண்டித்தான் திரும்பியிருக்கிறார். தேயிலைச் செடிக்கு நடுவே கழித்த அத்தனை ஆண்டுகளையும் அந்த ஒரு கல்யாணமும் ஒரு நோயும் அழித்துவிட்டன.

ஆயாவின் குடும்பம் தனியாகப் பட்ட துன்பம் அன்று அது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. விசாரணைகள் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு இழுத்தன. முடிவில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். 1947 தேர்தலில் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழர்கள், 1952 தேர்தலில் வாக்குரிமை இல்லாமல் நின்றார்கள். தலவாக்கலையின் பிரதிநிதியாக இருந்த சி.வி. வேலுப்பிள்ளை கவிஞரும்கூட, அந்த மக்களின் பாடல்களைத் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொகுத்தவர். அவர் ‘நாடற்றவர் கதை’ என்றே ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது.

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். அந்த மீதியை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். பதினைந்து ஆண்டில் முடித்துவிடுவதாகத்தான் முதல் ஒப்பந்தம் சொன்னது. பங்கு வைக்கப்பட்ட மக்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

ஆயாவின் வீட்டில் இந்த முறை இந்தியாவுக்கு எழுதிப்போட்டார்கள். கூடப்பிறந்த அக்கா வீட்டில் இலங்கைக்கு எழுதிப்போட்டார்கள். கடிதம் வரும் வரும் என்று ஆண்டுகள் போயின. அந்த நாட்களைப் பற்றி ஆயா சொன்ன ஒரு பேச்சை நான் மறக்கவே மாட்டேன்.

“தம்பி, காலையில பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போனா எங்களுக்கு அரைப்பேருதான். செக்ரோல்ல பாதி நாளு சம்பளம் போயிரும். இத்தனை வருசம் பிந்தினாகளே கச்சேரிக்காரங்க, அவங்களுக்கு யாரு அரைப்பேரு போட்டது?”

தோட்டத்தில் ஒரு நாளை அரை நாளாக வெட்ட ஒரு கணக்குப்பிள்ளைக்கு அதிகாரம் இருந்தது. அரசாங்கம் எடுத்துக்கொண்ட ஆண்டுகளைக் கணக்குக் கேட்க அந்தத் தொழிலாளிக்கு ஓர் இடமும் இல்லை. ஆயா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்தான். ஆனாலும் குடியுரிமை பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிட நேராக என்னிடம் பேசியதில்லை.

கடைசியில் கடவுச்சீட்டு வந்தது. சேமலாப நிதியை வாங்கினார்கள், கோழிகளை அக்காவிடம் விட்டார்கள். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயிலை மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்பார்கள். ஏறுகிறவர்களும் அழுவார்கள், ஏற்றிவிடுகிறவர்களும் அழுவார்கள்; ரயில் நகர்ந்த பிறகும் கூடவே ஓடுவார்கள். அக்கா ஓடியதை ஆயா பார்த்தார். அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கவில்லை. ராமேசுவரம், மண்டபம் முகாம், ஒரு குடும்ப அட்டை, ஒரு வியாபாரக் கடன், பிறகு நாமகிரிப்பேட்டை. மாமனார் ‘நம்ம ஊரு’ என்ற ஊரில் அவர்களுக்குக் கிடைத்த பட்டப்பெயர் சிலோன்காரர்கள்.

ஒப்பந்தம் 1981-இல் காலாவதியானது. 1984-இல் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே இந்தியாவுக்கு வர முடியாமல் மலையில் நின்றுபோனவர்கள் ஆயிரக்கணக்கில். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது. 1948-லிருந்து எண்ணினால் 55 ஆண்டு.

இதே காத்திருப்பு உலகத்தில் வேறெங்கும் இல்லையா என்றால், இருக்கிறது. 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளம் சூழ்ந்து அகப்பட்ட பன்னிரண்டு சிறுவர்களுக்கும் அவர்களுடைய பயிற்சியாளருக்கும் உலகமே வேண்டிக்கொண்டது. உயிரோடு மீண்ட அந்தப் பதின்மூன்று பேரில் மூன்று சிறுவர்களும் பயிற்சியாளரும் நாடற்றவர்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. எல்லைப்புற மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களின் பிள்ளைகள். ஆகஸ்டு 8-ஆம் தேதி, மீட்கப்பட்டு ஒரு மாதத்துக்குள், நால்வருக்கும் தாய்லாந்துக் குடியுரிமை கிடைத்தது. மகிழ்ந்தேன். கூடவே ஒரு கேள்வியும் வந்தது: குகைக்குள் அகப்படாத பிள்ளைகள் என்ன ஆனார்கள்? 2024 அக்டோபரில் அந்த நாட்டின் அமைச்சரவை, நீண்ட காலமாக அங்கேயே வாழும் சுமார் 4,80,000 நாடற்றவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நடைமுறையைச் சுருக்க ஒப்புதல் அளித்தது. மாதக்கணக்கில் இழுத்த பரிசீலனையை நாட்கணக்குக்குக் கொண்டுவருவதே திட்டம். மனம் இருந்தால் ஓர் அரசாங்கத்தால் காலத்தைச் சுருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தியிலும் மேட்டுப்பட்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. எங்கள் ஊருக்குக் கிழக்கே, சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும் ஒன்று. 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். தமிழகம் முழுவதும் முகாம்களில் சுமார் 58,000 பேர். 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது, உதவித்தொகை கூடியது, புது வீடுகள் எழுந்தன. அதற்காக மாநில அரசை மனதார வாழ்த்துகிறேன். ஆனால் குடியுரிமை தரும் அதிகாரம் டெல்லியில் இருக்கிறது.

அந்த முகாம்களில் பலர் மலையகத்து வழிவந்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பயந்து மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கியவர்கள். போர் அங்கேயும் துரத்த, படகேறியவர்கள். கொள்ளுப்பாட்டன் கிளம்பிய அதே சமவெளிக்குத் திரும்பி வந்து, அயலாராக இருக்கிறார்கள். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய வம்சாவளியினர் ஏழு ஆண்டு இங்கே வசித்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது. ஆனால் தானோ, தாய் தகப்பனில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால்தான் வம்சாவளி. பாட்டன் பிறந்தது சேராது. உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. அவருக்கு இந்த வழி அடைப்பு. இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் 1987 ஜூலை 1-க்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அதுவும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 2019 திருத்தம் மூன்று அண்டை நாடுகளின் மதச் சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. குண்டுக்குப் பயந்து படகேறியவர் எந்த அலுவலகத்தில் விசா கேட்டு நின்றிருக்க முடியும்?

நல்ல சொற்கள் அவ்வப்போது காதில் விழுகின்றன. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் வழக்கில், அவர்கள் விண்ணப்பங்களை அக்கறையோடு பரிசீலிக்கச் சொன்னார். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பிறப்பாலேயே தான் இந்தியர் என்று அதே நீதிமன்றத்தில் நிலைநாட்டிக் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் முதல் வாக்கைப் போட்டார். ஏறத்தாழ முப்பத்தெட்டு வயதில் முதல் வாக்கு. 2025-இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. வரவேற்கிறேன். ஆனால் தண்டிக்காமல் விடுவது ஒன்று, சேர்த்துக்கொள்வது வேறொன்று.

மஞ்சள் நடுகிறவர் ஒன்பது மாதம் காத்திருக்கிறார். ஆனியில் விதைக்கும்போதே மாசியில் வெட்டலாம் என்று அவருக்குத் தெரியும். தேதி தெரிந்த காத்திருப்பை மனிதர்கள் தாங்குவார்கள். முகாமில் படித்துப் பொறியியல் பட்டம் வாங்கிய இளைஞன் அரசுத் தேர்வு எழுதலாமா, பத்திரம் பதியலாமா, வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா என்று கேட்டால், ‘பார்க்கலாம்’ என்பதுதான் பதில் என்றால், அதை எந்த மாதத்தில் அறுவடை செய்வது?

என் வாதம் எளியது. இலங்கையின் 1949-ஆம் ஆண்டுச் சட்டம், ஓராண்டு ஊரில் இல்லை என்று அத்தனை ஆண்டு உழைப்பைத் தள்ளியது. நம்முடைய சட்டம், ஒரு நாள் கூட ஊரை விட்டுப் போகாதவர்களின் நாற்பது ஆண்டைத் தள்ளுகிறது. குடியுரிமை கேட்கும் எவரும் தான் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கப் படாத பாடு படுவார். முகாம்வாசிக்கு அந்தக் கவலையே கூடாது. அவர் உதவித்தொகைக்குப் போட்ட ஒவ்வொரு கையெழுத்தும், தணிக்கை நாளில் வரிசையில் நின்று சொன்ன ஒவ்வொரு ‘இருக்கிறேன்’ என்ற சொல்லும் அரசின் பதிவேட்டிலேயே இருக்கின்றன. இந்த நாட்டில் வசித்ததற்கு இத்தனை உறுதியான சான்று பரம்பரைக் குடிமக்களான நம்மில் எவரிடமும் கிடையாது. அந்தப் பதிவேட்டை எடுத்து, ஆண்டுகளை எண்ணி, ஏழு தாண்டியவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை வாங்கும்போதே பதில் சொல்லும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். பிந்தினால் அரைப்பேர் யாருக்கு என்று ஆயா கேட்ட கேள்விக்கு இந்தத் தலைமுறையிலாவது ஒரு பதில் சொல்லிவிடுவோம்.