உசிரும் உயிரும்



தேர்வு எழுதுவது கடினம் என்று எல்லாரும் சொல்வார்கள். தேர்வு என்று நடக்கும் என்றே தெரியாமல் காத்திருப்பது அதைவிடக் கடினம். இதை நான் 2024-ஆம் ஆண்டு சூன் திங்களில் அறிந்துகொண்டேன்.

அப்போது முதுநிலை வேதியியலில் முதலாண்டு முடித்திருந்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் இந்தப் பெங்களூரிலேயே விடுதியில் தங்கிப் படித்தேன். அருப்புக்கோட்டையில் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். என் படிப்புக்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வில் நல்ல இடம் பெற்று, ஆராய்ச்சி உதவித்தொகையும் கிடைத்துவிட்டால் அந்தச் சுமை இறங்கும் என்பது என் கணக்கு. தேர்வு சூன் 25 முதல் 27 வரை என்றிருந்தது. 18-ஆம் நாள் நடந்த பிற பாடங்களுக்கான தகுதித் தேர்வு மறுநாளே நீக்கப்பட்டது. 21-ஆம் நாள் எங்கள் தேர்வும் தள்ளிவைக்கப்பட்டது. எந்த நாளுக்கு? அன்று எவருக்கும் தெரியவில்லை.

அன்றிரவு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளங்கை வியர்த்தது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடியது. மூடினால் கடன் ஓடியது. அப்பா தொலைபேசியில், "சாப்பிட்டியா தாயி?" என்றார். "சாப்பிட்டேன்ப்பா, நல்லா இருக்கேன்" என்றேன். இரண்டும் பொய்.

என் அறையில் தார்வாடைச் சேர்ந்த ஒரு மூத்த மாணவி இருந்தார். அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். அக்கா என்ற சொல் அவருக்கும் எனக்கும் பொது. நான் விழித்துக் கிடப்பதைக் கண்டு அவர் எழுந்து வந்து அருகில் அமர்ந்தார். திரைப்படம் பார்த்துக் கற்ற தமிழும் கன்னடமும் கலந்து, "ஒண்ணும் யோசிக்காதேன்னு சொல்லமாட்டேன். யோசனை வரும். நீ உசிரு நோடு" என்றார்.

உசிரு என்றால் கன்னடத்தில் மூச்சு. நோடு என்றால் பார். முதலில் எனக்கு, "உயிரைப் பார்" என்றே கேட்டது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். தமிழிலும் உயிர்ப்பு என்றால் மூச்சுத்தானே! உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். ஒரே வேர் அங்கே மூச்சாகவும் இங்கே உயிராகவும் தழைத்திருக்கிறது. ஈராண்டு இந்த ஊரில் இருந்தும் நான் கவனிக்காத உறவு அது.

அக்கா சொன்ன முறை எளியது. நிமிர்ந்து உட்கார். மூக்கின் நுனியில் காற்று போவதையும் வருவதையும் கவனி. மனம் ஓடினால், ஓடியது என்று அறிந்து மீண்டும் மூச்சுக்கு வா. அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதையும் ஒரு தேர்வாக்கிவிட்டேன். எத்தனை மூச்சு தவறாமல் எண்ணினேன், இன்று மனம் எத்தனை முறை ஓடியது, அச்சம் போயிற்றா என்று எனக்கு நானே மதிப்பெண் போட்டேன். பத்து நாளில் அச்சம் போகவில்லை. தோற்றோம் என்ற வருத்தம் ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது. அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "இதுவும் பரீட்சையா?" என்றார்.

அந்தச் சொல் என்னை ஆய்வகத்தில் இருக்கும் தராசை நினைக்க வைத்தது. ஒரு கிராமில் பதினாயிரத்தில் ஒரு பங்கையும் காட்டும் தராசு அது. கண்ணாடிக் கதவு திறந்திருந்தால், காற்று சிறிது அசைந்தாலும் கடைசி இலக்கம் ஆடும். பொறுமை இழந்து மேசையைத் தட்டினால் இன்னும் ஆடும். கதவை மூடிக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தாலும் கடைசி இலக்கம் ஒன்று கூடும், ஒன்று குறையும். அதற்காக நாம் தராசைத் தூக்கி எறிவதில்லை. இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஏட்டில் எழுதிக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம். உள்ளத்தை மட்டும் ஏன் பூச்சியத்தில் நிறுத்த முயல வேண்டும்?

அறிவியல் மாணவி அல்லவா? மற்றவர்கள் என்ன கண்டார்கள் என்று தேடினேன். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. வெளிவிடும்போது சற்றுத் தணிகிறது. மெல்ல நீட்டி வெளிவிடும் மூச்சு உடலுக்கு ஓய்வுக் குறிப்பாகிறது. ஜான் கபாட் சின் என்பவர் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், பௌத்தர்களின் பழைய பயிற்சியைப் பாடமாக்கி நோயாளிகளுக்குக் கற்பித்தார். 2014-இல் 47 ஆய்வுகளை, 3,515 பேரைப் பற்றியவற்றை, ஒன்றாக வைத்து அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். தியானத்தால் மனக்கலக்கம் ஓரளவு குறைகிறது என்று கண்டார்கள். ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ விட இது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் சேர்த்தே எழுதினார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. மாயம் என்று எவரும் சொல்லவில்லை. பயன் உண்டு என்றார்கள். எனக்கு அது போதும்.

மதிப்பெண் போடுவதை விட்டேன். அச்சம் வந்தால், "வந்துவிட்டதா, உட்கார்" என்பதுபோல் இருந்துவிட்டு மூச்சுக்குத் திரும்பினேன். சில நாள் கழித்து ஒரு மாலை அப்பா அழைத்தார். "நல்லா இருக்கியா தாயி?" என்றார். வழக்கமான பொய் நாவரை வந்தது. அது வருவதை நான் கண்டுவிட்டேன். "இல்லப்பா, பயமா இருக்கு" என்றேன்.

சற்று நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "இழை அறுந்தா தறிய வையிறதில்ல தாயி. நிறுத்தி, முடிச்சுப் போட்டு, ஓட்டுறதுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அறுந்தாலும் அதுதான். கடன என் கணக்குல விடு."

அக்கா சொன்னதும் அதுதான். மூச்சு தவறினால் திரும்பி வா. முப்பது ஆண்டாக அப்பா தறியில் செய்துவந்ததை நான் புதிதாகக் கற்றதாக நினைத்திருக்கிறேன்!

தேர்வு சூலை 25 முதல் 27 வரை நடந்தது. எழுதினேன். உதவித்தொகை கிட்டவில்லை. மூச்சைக் கவனித்தால் மதிப்பெண் வரும் என்று எவரும் நம்ப வேண்டா. மறுபடியும் எழுதியிருக்கிறேன். இதை எழுதும் இன்று வரை முடிவு வரவில்லை. கடைசி இலக்கம் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இரவில் உறங்குகிறேன்; வீட்டுக்கு உண்மை பேசுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா அச்சமும் பத்து நிமிட மூச்சில் தணியாது. உணவும் உறக்கமும் நாள்கணக்கில் கெட்டால், வாழ்வே வேண்டா என்று தோன்றினால், தனியே கண்மூடி உட்கார்ந்திருக்க வேண்டா. மனநலத்துக்கென 1954-இல் அனைத்திந்திய நிலையம் தொடங்கிய ஊர் இது. 1974-இல் அது நிம்ஹான்சு ஆயிற்று. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானசு என்னும் தொலைபேசி உதவிக்கும் அதுவே தலைமை நிலையம். 14416 என்ற எண்ணை இரவும் பகலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

நண்பர்களே! ஊரை விட்டு வந்த நாம் வீட்டுக்கு நல்ல செய்தி மட்டுமே சொல்லப் பழகியிருக்கிறோம். அச்சத்தை மறைப்பதை வீரம் என்று எண்ணுகிறோம். இன்றிரவு பத்து நிமிடம் உங்கள் மூச்சோடு இருங்கள். பிறகு வீட்டை அழைத்து, உள்ளபடி ஒரு சொல் சொல்லுங்கள். மூச்சின் பயன் அந்தச் சொல்லில் தெரியும்.