விறகு கீறும் வண்டி

குமரி மாவட்டத்தில் கேஸ் அடுப்பு இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதே நேரம் குலசேகரம், திருவட்டாறு பக்கம் போனால் புறவாசலில் விறகுச் சாய்ப்பு இல்லாத வீடும் அவ்வளவாகக் கண்ணில் படாது. குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, கருப்பட்டி காய்ச்ச, கல்யாணப் பந்திக்குச் சோறு வடிக்க என்று விறகுக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. மரத்துக்கும் பஞ்சமில்லை. ரப்பர் மரம் ஏழாம் ஆண்டு வாக்கில் பால்வெட்டுக்கு வரும்; இருபது, இருபத்தைந்து ஆண்டு பால் கொடுக்கும்; பிறகு மொத்தமாக முறித்துவிட்டு மறுநடவு செய்வார்கள். தடி பிளைவுட் ஆலைக்கு லாரி ஏறிவிடும். கிளையும் கோணலும் தூரும் தோட்டத்திலேயே கிடக்கும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. அந்தக் கட்டைகளைக் கீறிக் கொடுக்கக் கோடாலி ஆட்கள் போதாமல் போனபோதுதான் மிஷின் வாங்கும் யோசனை வந்ததாம் திருவட்டாறு பக்கத்து அண்ணன் ஒருவருக்கு. வீடு வீடாக வண்டியைக் கொண்டுபோய் விறகு கீறிக் கொடுப்பதுதான் இப்போது அவர் தொழில். அவரோடும் அவரிடம் வேலை செய்யும் இருவரோடும் சுற்றிவந்தேன்.

வண்டி என்பது சின்ன டிராக்டர் இழுத்து வரும் இரண்டு சக்கர டிரெயிலர். அதன் மேல் நீளமான ஓர் இரும்பு பீம். ஒரு முனையில் எஃகு ஆப்பு. மறுமுனையில் ஹைட்ராலிக் சிலிண்டர். நடுவில் கட்டையைக் கிடத்தி லீவரைத் தள்ளினால் பிஸ்டன் கட்டையை ஆப்பின் மேல் ஏற்றும். எண்ணெய் பம்பைச் சுற்ற ஒரு பத்து எச்பி டீசல் இன்ஜின். பார்க்க அவ்வளவுதான்.

"இருபது டன்னு சொல்லித்தான் வித்தான் சார்" என்றார் அண்ணன். அவரிடம் கணக்கு வேறு இருக்கிறது. சிலிண்டரின் உள்விட்டம் 10 செ.மீ., அதாவது பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. அழுத்தம் 150 பாரைத் தொட்டால் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயைத் திருப்பிவிடும். இரண்டையும் பெருக்கினால் 12 டன். "அந்தப் பன்னிரண்டே தாராளமாக்கும். ரப்பருக்கு அதுல பாதி போதும். டன்னுல என்ன இருக்கு? கை எங்க நிக்குது, அதாக்கும் காரியம்."

அப்படிச் சொல்ல அவருக்குக் காரணம் உண்டு. இதற்கு முன் அவர் வைத்திருந்தது கூம்பு மிஷின். மரை வெட்டிய எஃகுக் கூம்பு ஒன்று மோட்டாரில் சுழலும். கட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் தானே திருகி உள்ளே போய்ப் பிளந்துவிடும். விலை குறைவு, வேகமும் உண்டு. ஆனால் மரத்தைப் பிடிக்கிற மரை துணியையும் பிடிக்கும். முறுக்கு விழுந்த கட்டை சிக்கினால் கட்டையே சுழன்று ஆளை அடிக்கும். "சாரம் கட்டிட்டு அது பக்கத்துல நிக்கப்படாது. இங்க சாரம் கட்டாத ஆளு யாரு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். சாரம் என்றால் இந்தப் பக்கத்தில் லுங்கி. ஒரு பையனின் சாரம் மாட்டிக் கிழிந்ததோடு தப்பித்த அன்றே அந்த மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

ஹைட்ராலிக் மிஷினும் வந்தபடியே இல்லை. மார்த்தாண்டம் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் அதற்கு அவ்வப்போது வேலை நடந்திருக்கிறது. முதலில் பம்பை மாற்றினார்கள். பழைய பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் தள்ளும். அந்தக் கணக்கில் பிஸ்டன் இரண்டடி நகர 14 வினாடி ஆகும். பெரும்பாலும் வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிற 14 வினாடி. இப்போது இருப்பது இரண்டு நிலை பம்ப். கட்டை எதிர்ப்புக் காட்டாதவரை நிறைய எண்ணெயைக் குறைந்த அழுத்தத்தில் தரும். ஆப்பு கணுவில் மோதி அழுத்தம் ஏறியதும் எண்ணெயைக் குறைத்து அழுத்தத்தை முழுதாகத் தரும். வெற்று ஓட்டம் பாதி நேரத்துக்கும் கீழே வந்துவிட்டது. இன்ஜின் அதேதான்.

அடுத்தது நான் உட்கார்ந்து பார்த்து ரசித்த ஒரு சின்ன வேலை. அடுப்புக் கட்டை ஒன்றேகால் அடி நீளம்தான். ஆனால் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் இரண்டடியும் பின்னால் போய்த்தான் நிற்கும். தள்ளுபலகையின் ஓரத்தில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, அதில் நகர்த்தி முடுக்கும்படி ஒரு வளையத்தைப் போட்டிருக்கிறார்கள். பலகை பின்வாங்கி வரும்போது, கட்டை வைக்கப் போதுமான இடம் வந்ததும் வளையம் லீவரைத் தட்டி நிறுத்திவிடும். கட்டையின் நீளம் மாறினால் ஸ்பேனரால் வளையத்தை ஒரு திருகு தளர்த்தி நகர்த்தினால் தீர்ந்தது. கையால் தொட்டுப் பார்த்தேன். லீவர் தட்டுப்படும் இடம் தேய்ந்து பளபளத்தது.

பீமை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, இரு பக்கமும் தகடு பொருத்தியிருக்கிறார்கள். பாதியாய்ப் பிளந்த கட்டை கீழே விழாமல் அங்கேயே கிடக்கும். மறுபடி குனிந்து எடுக்க வேண்டாம். நான்காகக் கீறுவதற்கு மேலே மாட்டுகிற சிறகு ஆப்பும் உண்டு. அதன் குறுக்குச் சிறகுகள் நடு ஆப்பின் விளிம்புக்கு மூன்று விரற்கடை பின்னால் இருக்கின்றன. முதலில் கட்டை இரண்டாக வாய் திறக்க வேண்டும், பிறகுதான் சிறகு கடிக்க வேண்டும். நாலு முனையும் ஒரே நேரத்தில் ஏறினால் பன்னிரண்டு டன் போதாது.

மிஷினில் நிற்பவர் பழைய கோடாலிக்காரர், அறுபதைத் தாண்டியவர். மரம் பார்க்கிற கண் அவருடையது. வெயிலில் வெடித்த கட்டையென்றால் வெடிப்பை ஆப்புக்கு நேராகத் திருப்பி வைக்கிறார். கணு நிறைந்த கட்டையை நடுவில் கொடுப்பதில்லை; ஓரம் ஓரமாகச் சீவி எடுக்கிறார். கவைக் கட்டையில் இரு கிளையின் நெஞ்சும் ஒரே கோட்டில் ஆப்பில் விழும்படி பிடிக்கிறார். கிளை இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கப் பார்த்தால் அந்த இடுக்கில் நார் பின்னிக் கிடக்கும், விடாது. புளியங்கட்டை வந்தால் இன்ஜின் சத்தமே மாறிவிடுகிறது. தென்னந்தடியோ லேசில் பிளக்காது, நசுங்கும்; அது முழுக்க நார்க்கட்டுதான். "மிஷினுக்குப் பலம் இருக்கு மக்களே, புத்தி நாமதான் குடுக்கணும்" என்றார். ரப்பர் கட்டைக்குள் பால் வடிய அடித்த தகரச் சில்லு எப்போதாவது இருக்கும். மரம் அறுக்கிற மிஷின் வாளுக்கு அது எமன். இந்த ஆப்பு பொருட்படுத்துவதில்லை.

கீறுவதில் அவசரம் காட்டவும் காரணம் இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. பட்டையோடு உருண்டையாகக் கிடக்கும் கட்டையிலிருந்து ஈரம் லேசில் வெளியேறாது. ரப்பரில் மாவுச்சத்து அதிகம். சில நாளில் பூஞ்சை நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் புகையாமல் எரியும். இடைவெளியில் அடிக்கிற வெயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் முறித்த கையோடு கீறி அடுக்க வேண்டும்.

முன்பு அண்ணன் மணிக்கணக்கில் கூலி வாங்கினார். பம்பும் வளையமும் வந்தபின் வேலை சீக்கிரம் முடிந்து வருமானம் குறைந்தது. அதனால் குவியலின் நீள, அகல, உயரத்தை அளந்து கன அடிக் கணக்குக்கு மாறினார். இப்போது வீட்டுக்காரம்மை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் கன அடிக் கணக்கு வேலையாட்களை அவசரப்படுத்தும். ஒருவர் கட்டையைப் பிடிக்க இன்னொருவர் லீவரைத் தள்ளினால் இன்னும் வேகம் கூடும். விரல் போகும் ஆபத்தும் அப்படி இருவர் நின்று செய்யும்போது கூடும். பட்டறையில் கடைசியாகச் செய்த மாற்றம் இதற்காகத்தான். லீவர் இப்போது இரண்டு. இரண்டையும் இரு கையாலும் சேர்த்துத் தள்ளினால்தான் பிஸ்டன் நகரும். ஒன்றை விட்டாலும் நின்றுவிடும். கட்டை வைப்பவரும் லீவர் தள்ளுபவரும் ஒருவரே. மற்றவர் கட்டை சுமந்து கொண்டுவந்து போடுவதோடு சரி. எண்ணெய்க் குழாயில் கசிவு தெரிந்தாலும் கையால் தடவக் கூடாது, அட்டையைத்தான் நீட்ட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஊசி முனை ஓட்டையில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும்.

இரண்டாவது லீவருக்கு ஆன செலவு சில கம்பிகளும் அரை நாள் வெல்டிங்கும். அதை மிஷின் வாங்குகிறவர் தன் கைக்காசில் செய்துகொள்ள வேண்டியதில்லை. டன் கணக்கைப் பெரிதாக எழுதி ஒட்டுகிறவர்களே மிஷினோடு சேர்த்துக் கொடுக்கலாம். வாங்கப் போகிறவர்களும் எத்தனை டன் என்பதற்கு முன்னால், ஓடும்போது ஆளுடைய இரண்டு கையும் எங்கே இருக்கும் என்று கேட்கலாம்.