சிவப்பு மையில் ஒரு வட்டம்

மூன்றாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் ஒரு மாத இன்டெர்ன்ஷிப். கோவை கணபதி பக்கம், பம்ப் ஷாஃப்ட் கடையும் சின்ன யூனிட். முப்பது பேர் வேலை செய்யும் இடம். நான் மெக்கானிக்கல். ஆனாலும் வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு நோண்டுகிற ஆள் என்று எப்படியோ ஓனர் சாருக்குத் தெரிந்துவிட்டது.

நான் போன வாரம்தான் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகியிருந்தது. கஸ்டமர் டிராயிங்கின் புது ரிவிஷன் அனுப்பிவிட்டார். லேத் மேல் ஒட்டியிருந்தது பழைய ரிவிஷன். ஐஎஸ்ஓ 9001:2015-ல் 7.5 என்ற பிரிவு இதைத்தான் சொல்கிறது: சரியான ஆவணம், தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் இருக்க வேண்டும். செமஸ்டரில் இதை ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். அதன் விலை ஒரு லாட் ஷாஃப்ட் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"குவாலிட்டி சாஃப்ட்வேர்னு கேட்டா ஆளுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் காசு கேக்கறாங்க தம்பி. நம்மகிட்ட இருக்கற பழைய சிஸ்டத்துல ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்றார் சார். ஈஆர்பிநெக்ஸ்ட் ஞாபகம் வந்தது. மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் எழுதியது, ஓப்பன் சோர்ஸ், உள்ளேயே குவாலிட்டி மாட்யூல் உண்டு. "பண்ணிடலாம் சார்" என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே!

பழைய டெஸ்க்டாப்பில் ரேமை 8 ஜிபி ஆக்கி, 256 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி, உபுன்டு சர்வர் போட்டேன். பார்த்தால் டிஸ்க் 98 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். இன்ஸ்டாலர் தானாக எல்விஎம்-இல் 100 ஜிபி மட்டும் ஒதுக்கி மீதியைச் சும்மா வைத்திருக்கும், நாம்தான் நீட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு மணி நேரம் தேடிய பிறகு தெரிந்தது. அடுத்து யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால். நான் போர்ட்டை மூடிய பிறகும் பக்கத்து சிஸ்டத்தில் பேஜ் திறக்கிறது! டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் அந்த ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இதை எந்த லேபிலும் சொல்லித் தரவில்லை.

மற்றபடி இன்ஸ்டால் பண்ணுவது சுலபம். டாக்கர் கம்போஸ் ஃபைல் ஒன்று, கமாண்ட் ஒன்று. மரியாடிபி, ரெடிஸ் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குவாலிட்டி அக்கா இரண்டு வாரம் விடாமல் என்ட்ரி போட்டார். மொத்தம் 41 நான்-கன்ஃபார்மன்ஸ். அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட்.

அப்போதுதான் போர்ட் நம்பரை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். லேப்டாப்பில் பழகும்போது ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவேன். அதற்கு 'டாக்கர் கம்போஸ் டவுன்' கமாண்டோடு 'மைனஸ் வி' சேர்க்க வேண்டும். கைப்பழக்கம். சர்வரிலும் அதையே அடித்து என்டரைத் தட்டிவிட்டேன். அந்த 'வி' என்பது வால்யூம், டேட்டா இருக்கும் இடமே அதுதான். திரும்ப ஏற்றியதும் லாகின் பேஜ் அழகாக வந்தது. அக்காவின் பாஸ்வேர்டு மட்டும் செல்லவில்லை. அட்மின் பாஸ்வேர்டு பழைய டீஃபால்ட்டுக்கே போயிருந்தது.

பேக்கப் இல்லையா? தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்தேனே. அது சைட் ஃபோல்டருக்குள்ளேயே சேமிக்கும். அந்த ஃபோல்டரும் அதே மாதிரி வால்யூமில்தான். பேக்கப்பும் சேர்ந்தே போச்சு.

கை உதறியது. அக்காவிடம் போய், "சர்வர்ல ஏதோ பிராப்ளம்க்கா, டேட்டா போயிருச்சு" என்றேன். 'ஏதோ' என்று சொன்னேன், 'நான்' என்று சொல்லவில்லை.

அக்கா திட்டவில்லை. டிராயரைத் திறந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தார். 41-ம் அதில் இருந்தது. "கரண்டு போனா என்ன பண்றதுன்னு இதுலயும் எழுதி வெச்சேங்க தம்பி" என்றார்.

இரண்டு நாள் இருவரும் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். அவர் நோட்டில் மெஷின் நம்பர், ஷிஃப்ட் என்று இரண்டு காலம் இருந்தன. நான் கொடுத்த ஃபார்மில் அவை இல்லை. முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க கேக்கலையே" என்றார். அந்த இரண்டு ஃபீல்டையும் சேர்த்து ஃபில்டர் போட்டால், 41-ல் 11 ஒரே லேத்தில் வந்தவை. அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். ஓனர் சாருக்குத்தான் புதுசு.

பேக்கப் இப்போது ஆபீஸ் சிஸ்டத்துக்கும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கும் காப்பி ஆகிறது. லேப்டாப்பில் ரெஸ்டோர் பண்ணியும் பார்த்தேன். முதல் தடவை எல்லாம் வந்தது, மெயில் மட்டும் போகவில்லை. மெயில் பாஸ்வேர்டைத் திறக்கும் என்கிரிப்ஷன் கீ சைட் கான்ஃபிக் ஃபைலில் இருக்கிறது. அதையும் எடுத்து வைக்க வேண்டுமாம்.

ஆடிட் பெரிய சிக்கலில்லாமல் முடிந்தது. கடைசி நாள் ரெஸ்டோர் செய்யும் வழியைத் தமிழில் எழுதி சர்வர் கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கீழே 'மைனஸ் வி போடவே கூடாது' என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம்.

"இது மட்டும் எதுக்குங்க தம்பி சிவப்புல?" என்றார் அக்கா.

சொன்னேன். முழுதாக.

"அன்னைக்கே உங்க மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுச்சு" என்றவர், நோட்டை டிராயரில் வைத்து மூடினார். "டீ வந்துருச்சு பாருங்க, ஆறிடப் போவுது."